ஹில்டா பார்க்காத முடிவுகள்

ஹில்டா அளவுக்கு சினிமா பார்த்தவர்கள் மைசூரில் பலர் இருந்திருப்பார்கள். அத்தனை படம் பார்த்தும் ஒன்றின் முடிவைக்கூடப் பார்க்காதவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். நாங்கள் இருவரும் பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நர்ஸ்கள். தங்கியிருந்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில். சாயங்காலம் ஜெபமாலைக்கு மணி அடிக்கும்போது எல்லோரும் சிற்றாலயத்தில் முழங்காலில் இருந்தாக வேண்டும். வராதவள் பெயரை மதர் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். அதன் பிறகு அவள் வெளியே போக அனுமதி கேட்டால் கிடைக்காது.

மண்டி மொஹல்லா பக்கத்து டாக்கீஸில் தமிழ்ப் படம் வந்தால் நாங்கள் மத்தியான ஆட்டத்துக்குப் போவோம். அந்தக் காலத்துப் படங்கள் லேசில் முடியாது. கதாநாயகி கடைசி அழுகையைத் தொடங்கும் நேரத்தில் ஹில்டா என் கையைக் கிள்ளுவாள். "செலின், ஏளு, ஏளு. பெல் அடிச்சிடும்." தமிழில் எழுப்பினால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அவளுக்கு என்ன எண்ணமோ, அவசரத்தில் அவளுக்குக் கன்னடம்தான் வரும். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு வெளியேறுவோம்.

அவள் பயந்தவள். அப்பா எலியேசர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். வேளை கெட்ட வேளையில் சங்கு ஊதினால் சுரங்கத்தில் விபத்து என்று அம்மாவும் பிள்ளைகளும் வாசலுக்கு ஓடி வந்து நிற்பார்களாம். எலியேசர் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓய்வு பெற்று வீட்டில் சுகமாக இருந்தார். வாசலில் நின்ற பயம் மட்டும் மகளை விடவில்லை. நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு, கொடுத்தது அதே மருந்துதானா என்று திரும்பிப் போய்ச் சீசாவைப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஆனால் படத்தில் வருகிறவர்கள் மேல் அவளுக்குப் பயமே கிடையாது. விடுதிக்கு ஓட்டமும் நடையுமாக வரும்போதே சண்டையைத் தொடங்கிவிடுவாள். "அவன் தம்பிக்காக அந்தப் பொண்ணை விட்டுக்குடுக்கிறானே, அவளை ஒரு வார்த்தை கேட்டானா? அவ என்ன மாடா, இவன் கயித்தை மாத்திக் கட்ட?"

"சும்னே, பேசாம நட. அது படம்" என்பேன்.

"படமா இருந்தா என்ன? எழுதினவன் நினைச்சிருந்தா அவளைக் கேட்டிருக்கலாம்ல?"

மறுநாள் வார்டில் கதை சொல்வாள். கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்தில், நம்மவர்களுக்குத் தமிழில். கட்டில்களில் படுத்தே கிடப்பவர்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? நாங்கள் எழுந்து வந்த இடம் வரை உள்ளது உள்ளபடி சொல்வாள். அதற்கு மேல் அவள் சொந்தக் கைவரிசை. எல்லோரையும் பிழைக்க வைத்து, பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்து முடித்துவிடுவாள். வார்டில் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள் என்று நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மல்லம்மா வந்து சேர்ந்தாள். கோபிநத்தத்துக்காரி. கொள்ளேகால் பக்கமெல்லாம் அன்றைக்கு மதராஸ் ராஜ்யம். என்றாலும் பெரிய வியாதி என்றால் மைசூருக்குத்தான் தூக்கி வருவார்கள். கர்ப்பப்பையில் கட்டி. உதிரம் போய்ப் போய் ஆள் வெளுத்துக் கிடந்தாள். பையையே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். கணவன் சென்னப்பன், "அவ இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டு, காட்டு வேலை கிடக்கிறதென்று ஊருக்குப் போய்விட்டான்.

மல்லம்மா முடியாது என்றாள். "புள்ளையில்லாத வவுறுங்க டாக்டரம்மா. இருந்தாலாவது எப்பவாச்சும் உண்டாகும்னு சொல்லிக்கலாம். எடுத்துப் போட்டா, நாளைக்கே இன்னொருத்தி வந்து அடுப்பைப் பத்த வெப்பா." டாக்டர் அதட்டினார், கெஞ்சினார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் பார்த்த படமும் அப்படி வந்து வாய்த்தது. பிள்ளையில்லாத மனைவி தானே பெண் பார்த்து, தானே தாலி எடுத்துக்கொடுத்து, கணவனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்து வைக்கிறாள். பிறகு ஒரு மூட்டையோடு மழையில் வீட்டை விட்டு இறங்குகிறாள். அந்த இடத்தில் எனக்குக் கிள்ளு விழுந்தது. ஹில்டா வழியெல்லாம் கொதித்தாள். "தாலி எடுத்துக்குடுத்த கையால அந்த மனுஷன் கன்னத்துல ஒண்ணு குடுத்திருக்கணும்."

மறுநாள் அதை வார்டில் சொன்னபோது, சுவர்ப் பக்கம் கிடந்த மல்லம்மா மெல்லத் திரும்பினாள். "அப்புறம் அந்தப் பொண்ணு என்னாச்சுங்கக்கா?"

ஹில்டா கண் இமைக்கவில்லை. "என்ன ஆகும்? புருஷன் மழையிலேயே பின்னால ஓடி வந்தான். எனக்குப் புள்ளையும் வேணாம், ஒண்ணும் வேணாம், நீ இருந்தாப் போதும்னு காலைப் புடிச்சான். புதுப் பொண்ணை அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டு, இவளைக் கூட்டிட்டுப் போனான்."

மறுநாள் டாக்டர் வந்தபோது மல்லம்மா எழுந்து உட்கார்ந்து, "பண்ணிப் போடுங்க" என்றாள். டாக்டருக்கே நம்ப முடியவில்லை. என்ன மந்திரம் போட்டாய் என்று ஹில்டாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஹில்டாவின் முகத்தில் ரத்தம் இல்லை. என்னை மருந்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "நான் சொன்ன முடிவை நம்பி ஒத்துக்கிட்டா, செலின்."

"பிழைப்பா இல்ல? விடு" என்றேன்.

விட்டிருப்பாளோ என்னவோ. லீவில் நஞ்சன்கூட்டுக்குப் போயிருந்த மோலி அன்றைக்குத் திரும்பி வந்தாள். அண்ணனோடு போய் அதே படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வந்திருந்தாள் புண்ணியவதி. மூட்டையோடு போனவள் ஆற்றில் இறங்கிவிடுகிறாள், புருஷனும் புதுப் பெண்டாட்டியும் அவள் படத்துக்கு மாலை போடுகிறார்கள் என்று ரசித்துச் சொன்னாள். அன்று இரவு ஹில்டா சாப்பிடவில்லை.

"சொன்னா ஆப்பரேஷன் வேண்டாம்னு திரும்பப் படுத்துக்குவா. செத்துப் போவா. சொல்லலேன்னா, அந்த மனுஷன் ஓடி வருவான்னு நம்பிக்கிட்டு இருப்பா. வரலேன்னா?" இதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பாவத்தை ஒப்புக்கொள்கிற சாக்கில் சாமியாரிடமும் கேட்டாளாம். அவரோ இவள் படத்துக்குப் போனதைப் பற்றியே விசாரித்துவிட்டு, பரிகாரமாக ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் எத்தனையோ தடவை மல்லம்மாவின் கட்டிலுக்குப் போனாள். போர்வையை இழுத்துவிடுவாள், கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பாள், திரும்பி வந்துவிடுவாள். அவளை உள்ளே கொண்டுபோகும்போது கையைப் பிடித்துக்கொண்டே கதவு வரை போனாள். படத்தின் முடிவை மட்டும் சொல்லவில்லை. வெளியே நின்ற நேரம் முழுக்க அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜெபம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்டால், "வருவான், வருவான்" என்கிறாள்.

மல்லம்மா பிழைத்தாள். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் களை வந்தது. எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும், பக்கத்துக் கட்டில்காரிகளுக்கு அந்தப் படத்தின் கதையைத் தானே சொல்லத் தொடங்கினாள். புருஷன் மழையில் ஓடி வரும் இடத்தில் குரலே மாறிவிடும். ஹில்டா அந்த நேரம் பார்த்து எங்காவது போய்விடுவாள். பார்வையாளர் நேரத்தில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் மல்லம்மாவுக்கு முன்னால் இவள் வாசலைப் பார்ப்பாள்.

கடைசியில், டிஸ்சார்ஜ் நாளில், சென்னப்பன் வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. சாத்துக்குடி வாங்கி வந்திருந்தான். துணிப்பையில் அவளுக்கு ஊருக்குக் கட்டிக்கொண்டு போகப் புடவை இருந்தது. கட்டிலருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஆத்தா ஒண்ணு சொல்லிப் போட்டா, மல்லா. ஐப்பசியில பாப்பாயியைக் கட்டிக்கச் சொல்றா. என்ற மாமன் புள்ளைதான். நீயும் கூடவே இருந்துக்கலாம். உன்னைய யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க."

மல்லம்மா அவனைப் பார்க்கவில்லை. மருந்துத் தட்டோடு நின்ற ஹில்டாவைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பொண்ணு புருசன் மழையில ஓடி வந்தான்னீங்களே. நெசமாவே வந்தானுங்களா?"

ஹில்டா தட்டைக் கீழே வைத்தாள். "வரல, மல்லம்மா. அவ ஆத்துல இறங்கிட்டாளாம். அதை நான் பாக்கவே இல்ல, பாதியில எழுந்து வந்துட்டேன். மத்ததெல்லாம் நானா சொன்னது."

எனக்கு அவள் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது. மல்லம்மாவின் கை போர்வைக்கு மேலே வயிற்றின் மீது போய் நின்றது.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"உனக்காகச் சொன்னேன்னு சொன்னா அதுவும் பொய். அன்னைக்கு உன்னை நான் நினைக்கவே இல்ல. அவ மழையில தனியா போனது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

மல்லம்மா போர்வையை விலக்கிக் காலைக் கீழே தொங்கப் போட்டாள். பிறகு, "எனக்கும் பிடிக்கலீங்க" என்றாள். சென்னப்பன் பக்கம் திரும்பினாள். "நீங்க போங்க. நான் வரலை."

"வராம எங்க இருப்பே?" என்றான் அவன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். வார்டில் அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹில்டா கையை நீட்டி அவனிடமிருந்து அந்தத் துணிப்பையை வாங்கினாள். "இங்க இருப்பா" என்றாள்.

டிஸ்சார்ஜ் ஆனவளுக்கு அந்த வார்டில் ஒரு ராத்திரிகூடக் கட்டில் கிடையாது என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். விடுதியில் வெளியாட்களுக்கு இடமே இல்லை. சென்னப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஹில்டாவுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் அவள் அதைக் கீழே வைக்கவில்லை.