வட்டமடித்துத் திரும்பிய விமானம்

பர்மாவில், இன்சீனில், எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து இறங்கும். தகரக் கூரை அதிரும். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடுவேன். எங்கள் குடும்பத்தில் பெரியம்மாவைத் தவிர ஒருத்தரும் விமானத்தில் ஏறியதில்லை. அப்பா நகரத்துக்குள் லான்மடாவில் உள்ள ஒரு பருப்பு மண்டிக்கு ரயிலில் போய் வருகிறவர். அவருடைய பயணம் அதோடு சரி. அப்படிப்பட்ட வீட்டில், உட்காரவே இப்போதுதான் கற்றுக்கொண்ட என் தம்பி விமானத்தில் பினாங்குக்குப் போகப்போகிறான் என்றால் எனக்கு வயிறு எரியாதா? ஏழு வயசு எனக்கு. நன்றாகவே எரிந்தது. அவனுக்கு ஜன்னல் என்றால் என்னவென்றே தெரியாது!

பெரியம்மா அம்மாவின் அக்கா. தாயில்லாத வீட்டில் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தவள். பினாங்குக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். குழந்தை தங்கவில்லை. தங்கிவிடும்போல இருந்து, ஒவ்வொரு தடவையும் தங்காமல் போனது. அதனால் தம்பி வயிற்றில் இருக்கும்போதே அம்மா ஃபோனில் சொல்லிவிட்டாள்: “இது உனக்குத்தான்க்கா.” அந்தப் பக்கம் பெரியம்மா அழுத அழுகை எனக்கே கேட்டது. தம்பி பிறந்ததும் பேர் வைக்கும் உரிமையையும் அவளுக்கே விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு அவள் சொன்ன பேரை எழுதினார்களே தவிர, வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நாக்கு எழவில்லை. எங்களுக்கு அவன் குட்டிதான்.

பெரியம்மாவும் பெரியப்பாவும் வரும் நாள் உறுதியானதும் அம்மா அவனுக்குப் பால் மறக்கடிக்கத் தொடங்கினாள். அது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா தினமும் மார்க்கெட்டில் மல்லிகை வாங்குகிறாள், எனக்கு ஒரு கண்ணிகூடத் தரமாட்டேன் என்கிறாள் என்பதுதான். கதவைச் சாத்திக்கொண்டு அத்தனை பூவையும் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். பால் வற்ற நம் பெண்கள் செய்கிற வைத்தியம் அது. நான் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, தலையில் வைக்கிற பூவை இவள் ஏன் ஒளித்துவைக்கிறாள், இது என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன். குட்டி புட்டியைத் துப்பிவிட்டு அலறுவான். அம்மா அவனை அப்பாவிடம் தள்ளிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வாள். பால் கட்டிக்கொண்டு அவளுக்குக் காய்ச்சல்கூட வந்தது. வீடு முழுக்க மல்லிகை மணத்தது. பக்கத்து வீட்டு பர்மாக்காரப் பெண்மணி, என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனாள்.

அது நல்ல மழைக்காலம். பெரியம்மாவும் பெரியப்பாவும் பாங்காக்கில் விமானம் மாறி மத்தியானம் வந்து இறங்கவேண்டும். நாங்கள் டாக்ஸி பிடித்துப் போனோம். குட்டிக்குக் கன்னத்தில் சந்தனம்போல அரைத்த தனக்காப் பூச்சு, புதுச் சட்டை, புது சாக்ஸ். எனக்குப் பழைய கவுன்தான். அதற்கும் சேர்த்து வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வருகிற விமானங்களின் பலகையில் பாங்காக்குக்கு எதிரே மட்டும் சிவப்பில் ஏதோ மின்னிக்கொண்டிருந்தது. அப்பா போய் விசாரித்தார். அங்கேயும் மழையாம், இன்னும் கிளம்பவே இல்லையாம், சாயங்காலம் ஆகுமாம். சாயங்காலம் கேட்டால் இன்னும் கொஞ்சம் ஆகும் என்றார்கள். அதற்கப்புறம் கேட்டபோது, இன்றைக்குக் கிடையாது, நாளைக்கு வாருங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள்.

எனக்கு அழுகை முட்டியது. விமானம் இறங்குவதை அவ்வளவு பக்கத்தில் பார்க்கலாம் என்று வந்தவள் நான். அம்மாவோ எங்களை நேரே மீன்குழம்பில் நூடுல்ஸ் போட்டுத் தருகிற ஒரு மொஹிங்கா கடைக்குக் கூட்டிப்போனாள். ஆளுக்கு ஒரு கிண்ணம், அதற்குமேல் வறுத்த பூசணி, எனக்குக் கேட்காமலேயே ஒரு முட்டை. அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். காய்ச்சல்காரி எப்படி இவ்வளவு சிரிக்கிறாள் என்று அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் வராததற்கு விருந்து வைத்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். நான் முட்டையைத் தின்றேனே தவிர, கோபத்தை விடவில்லை.

பெரியம்மா ஃபோன் செய்தாள். பாங்காக் விமான நிலையத்து நாற்காலியிலேயே இருக்கிறார்களாம். “உக்காந்து உக்காந்து காலு வீங்கிப்போச்சுடி. அது கெடக்கு, குட்டி என்ன பண்றான்? அவன்கிட்டக் குடு.” அம்மா ஃபோனைக் குட்டியின் காதில் வைத்தாள். அவன் அதை நக்கினான்.

மறுநாள் மறுபடியும் போனோம். வானம் கறுத்து, கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை பலகையில் இறங்கப்போகிறது என்றே போட்டுவிட்டார்கள். நான் வெளியே கூரைக்குக் கீழே ஓடினேன். அம்மாவும் குட்டியோடு வந்து நின்றாள். மேகத்துக்கு மேலே சத்தம் கேட்டது. எங்கள் தலைக்கு நேரே வந்து, தூரம் போய், மறுபடி வந்தது. “அம்மா, வந்துருச்சும்மா! பெரியம்மா வந்துட்டாங்க!” என்று நான் குதித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. அக்கா பத்திரமாக இறங்கவேண்டும் என்று ஆண்டவரைக் கேட்கிறாள் என்று நினைத்து, நானும் கண்ணை மூடி அதையே கேட்டேன். சத்தம் இன்னொரு வட்டம் வந்தது. பிறகு தேய்ந்து தேய்ந்து மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. இறக்க முடியவில்லை, திரும்ப பாங்காக்குக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று அப்பா உள்ளேயிருந்து வந்து சொன்னார்.

அன்று மழை விடட்டும் என்று நாங்கள் விமான நிலையத்திலேயே காத்திருந்தபோது வந்த ஃபோனை மறக்க முடியாது. பெரியம்மா பேசவில்லை, அரற்றினாள். பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. “மேலே வந்துட்டேன்டி. மேகம் வெலகின எடத்துல ஆறுகூடத் தெரிஞ்சுது. வந்துட்டோம் வந்துட்டோம்னு இவரு கையைப் புடிச்சேன். எறக்காமத் திருப்பிட்டாங்கடி. சாமிக்கே எனக்குக் குடுக்க மனசில்லையாடி?”

“அப்படிச் சொல்லாதேக்கா, அப்படிச் சொல்லாதே” என்று அம்மாவும் அழுதாள். ஃபோனை வைத்தபிறகும் நிறுத்தவில்லை. அதே நேரம் குட்டியும் பசியில் வீறிட ஆரம்பித்தான். புட்டியைக் காட்டினால் தட்டிவிட்டான். அம்மா சட்டென்று ஒரு தூணுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மார்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். வாடிய மல்லிகை பொலபொலவென்று தரையில் விழுந்தது. குட்டியின் அழுகை பட்டென்று நின்றது. நான் குனிந்து பூவைப் பொறுக்கினேன், எல்லாம் பழுத்துப்போயிருந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு, என்ன காரியம் பண்றே என்று மெதுவாகக் கேட்டார்.

“அவ வர்ற வரைக்கும் என் பிள்ளைதானேங்க” என்றாள் அம்மா.

அதற்கு மறுநாள் எந்திரத்தில் ஏதோ பழுதாம். அதற்கும் மறுநாள், தேங்கிப்போன கூட்டத்தில் இவர்களுக்கு இடமில்லையாம். ஒவ்வொரு செய்தியும் வரவர வீட்டில் குட்டியின் ராஜ்யம்தான். அவன் மடியை விட்டு இறங்கவே இல்லை. அம்மா மல்லிகை வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். என் கணக்கில் அது இன்னும் அநியாயம். முன்பாவது வீட்டில் பூ இருந்தது.

ஒருவழியாக விமானம் இறங்கியது. மற்றவர்கள் எல்லோரும் வந்தபிறகு கடைசியாகப் பெரியம்மா வந்தாள். செருப்புக்குள் கால் நுழையாமல் அதன் பின்வாரை மிதித்துக்கொண்டு, கசங்கிய சேலையோடு, தூக்கமில்லாத கண்ணோடு வந்தாள். பெட்டிகளைப் பெரியப்பா தள்ளிக்கொண்டு வந்தார். பிள்ளைத் துணி வைத்திருந்த பையை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்காமல் நெஞ்சோடு வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். குட்டி அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். புதுமுகம் இல்லையா, போகப்போகச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னது பெரியம்மாதான்.

சரியாகவில்லை. அவள் அவனுக்குக் காக்காய் காட்டினாள், ரயில் காட்டினாள், தொண்டை கட்டும்வரை பாடினாள். அவள் கையில் இருக்கும் நேரமெல்லாம் அவன் முகம் நீலம் பாரிக்க அழுதான். அப்பா அம்மாவை அடுப்படியிலேயே இருக்கச் சொல்லியிருந்தார், கண்ணில் பட்டால்தானே கேட்பான் என்று. ஒருநாள் அவன் அழுகை தாளாமல் பெரியம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

பெரியம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். “இன்னும் குடுக்கிறியாடி?”

“ஃப்ளைட்டு வரலையேக்கா” என்றாள் அம்மா. ஏதோ சின்னப் பிள்ளை திட்டு வாங்கப் பயந்து சொல்கிற குரலில் சொன்னாள்.

பெரியம்மா குட்டியை அம்மாவின் மடியில் வைத்தாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் குளிக்கவில்லை, வெளியே வரும்போது தலை காய்ந்துதான் இருந்தது.

அப்பாவுக்குத் தாங்கவில்லை. கொடுத்த வாக்கு என்ன, அவர்கள் பட்ட பாடு என்ன என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அம்மா, கொண்டுபோகட்டும், நான் ஒன்றும் தடுக்கவில்லையே என்றாள். சொல்லும்போது குட்டியைப் பிடித்த பிடியை அவள் தளர்த்தவில்லை. ரெண்டு நாள் அழுவான் மதினி, அப்புறம் மறந்துருவான் என்று அப்பா பெரியம்மாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

“அவன் மறந்துருவான் மாப்ளே. இவ மறப்பாளா? நான் வளத்தவ, எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா பெட்டி கட்ட உட்கார்ந்தாள். கொண்டுவந்த சின்னச் சின்னச் சட்டைகளை வெளியே எடுத்து எடுத்து வைத்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். குட்டி போகவில்லை என்றால் அவன் இடம் காலிதானே! ஜன்னலோரமாகக்கூட இருக்கலாம். பெரியம்மாவின் முன்னால் போய் நின்று, மூச்சுவிடாமல் சொன்னேன்: “பெரியம்மா, நான் வர்றேன். நான் அழமாட்டேன். எனக்குப் புட்டியும் வேணாம், சோறே திம்பேன்.”

முதலில் பெரியப்பா சிரித்தார். அப்புறம் அப்பா சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் என்னைச் சரியாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். “நெசமாவாடி?” என்று கேட்டாள். நான் கழுத்து வலிக்கத் தலையாட்டினேன். அம்மாவின் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே இருந்தது. எல்லோரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டவளுக்கு, தன்னை வளர்த்தவளின் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் சட்டையை மடித்து முடித்தாள். அவ்வளவுதான் அவள் சொன்ன பதில்.

எனக்குப் பாஸ்போர்ட்டும் மற்றக் காகிதங்களும் கைக்கு வருவதற்குள் மழை போய்ப் பனிக்காலம் வந்துவிட்டது. அந்த மாதங்களில் அம்மா என்னை வேலை ஏவவே இல்லை. எது கேட்டாலும் கிடைத்தது. விமானத்தில் போகிறவளுக்கு மரியாதை இருக்கத்தானே செய்யும் என்று நானும் பெரிய மனுஷி மாதிரி நடந்துகொண்டேன். என்னைக் கூட்டிப்போகப் பினாங்கிலிருந்து மறுபடி கிளம்பிய பெரியம்மாவும் பெரியப்பாவும் இந்தத் தடவை சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினார்கள்.

கிளம்பும் நாளும் அப்படியே. வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது, பலகையில் ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை. எனக்குப் புதுக் கவுன், புது ஷூ. அம்மா குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவுண்டராகப் போய், பர்மாக்காரர்கள் தங்கச்சியைக் கூப்பிடுகிறபடி “ஞீமா, ஞீமா” என்று அங்கிருந்த பெண்களைக் கூப்பிட்டு, பாங்காக் விமானம் தாமதமாகுமா என்று கேட்டாள். இல்லை, நேரத்துக்குத்தான் என்றார்கள். முதலில் கேட்ட பெண்ணிடமே போய் மறுபடி கேட்டாள். அவளும் சிரித்துக்கொண்டே மறுபடி பதில் சொன்னாள். அப்பா கூப்பிட்டும் அம்மா வரவில்லை. பலகைக்கு எதிரே போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே மானக்கேடாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. மழைக்காலத்துப் பயம் இவளை இன்னும் விடவில்லை என்று எனக்குப் பட்டது. நான் போய் அவள் இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியைப் பிடித்து இழுத்து, யாருக்கும் கேட்காமல் தைரியம் சொன்னேன். “பயப்படாதேம்மா. குட்டியை யாரும் கொண்டுபோகலை. நான்தானே போறேன்.”

அம்மா குட்டியைப் பெரியம்மா கையில் கொடுத்தாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவே அப்படியே தரையில் உட்கார்ந்து என்னை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். புதுக் கவுன் கசங்கியது. ஏழு வயசுப் பெண்ணை மடியில் வைத்தால் பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விமானத்துக்கு நேரமாச்சு, விடும்மா, விடும்மா என்று நான் திமிறிக்கொண்டிருந்தேன்.