ஆறாம் லயம், நான்காம் காம்பரா

தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் பதினொரு லயங்கள், அதாவது வரிசை வீடுகள். அவற்றில் ஒற்றை அறை வீடுகளாக இருநூற்றுப் பதினான்கு காம்பராக்கள். இந்தக் கணக்கை வெளியே தெரியவைத்தவள் என் தங்கை நிஷாந்தி. அதற்காக அவள் வாங்கிய திட்டுகளை நான் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள். என் எழுத்தில் பிழை இருக்கலாம், தேதியில் இருக்காது.

எங்கள் காம்பராக்களுக்கு விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே யாருக்காவது ஞாபகம் வந்தால் நம் கைக்கு வரும். கண்டியில் ஒரு வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் நிஷாந்தியிடம் வந்து சேர்ந்தபோது, பரீட்சை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் அழவில்லை.

"அக்கா, நம்ம வீட்டுக்கு நாமளே நம்பர் போடுவோம்" என்றாள்.

ஹட்டனில் போன், போட்டோகொப்பி வேலை செய்யும் அஸ்ஹர் நானாவின் கொம்யூனிகேஷன் கடையில் அவளுக்கு வேலை. ஆள் வராத நேரங்களில், அவருடைய அனுமதியோடு, அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு வரைபடமும் அட்டவணையும் செய்தாள். யாரும் பார்க்கலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கைப்பேசியில் இடத்தைக் குறிப்பாள், நான் கொப்பியில் எழுதுவேன். கூரைத் தகரம் எப்படி, சுவரில் வெடிப்பு உண்டா, எத்தனை பேர், கைக்குழந்தை இருக்கிறதா. இப்படி இரண்டு வருடம். 2023 ஜூன் மாதம் மிட்வைஃப் ஒருவர் யாரிடமும் வழி கேட்காமல் ஒன்பதாம் லயத்துக்கு நேராக வந்து நின்றார். அன்று நிஷாந்தி சாப்பிடாமலே சிரித்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து மேனேஜர் துரைக்குப் பிடிக்கவில்லை. சுவர் வெடித்த அறுபத்து மூன்று காம்பராக்களைப் பற்றிப் பத்திரிகைக்காரர் ஒருவர் எங்கள் அட்டவணையைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டார். உடனே துரையின் கையொப்பத்தோடு எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த அட்டவணை பொய்த் தகவல், நிர்வாகம் அதன் ஒரு வரியையும் ஏற்காது என்று அதில் இருந்தது. நான் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. காம்பராவில் இருக்க வேண்டுமானால் வீட்டில் ஒருவருடைய பேர் தோட்டத்து வேலையில் இருக்க வேண்டும். ஆள் கொழும்புக்குப் போய் வருடக்கணக்கானாலும், கேட்பவரிடம் "பேர் இருக்கு" என்றுதான் சொல்வோம். ஆறாம் லயத்து நான்காம் காம்பராவில் இருக்கும் காளியாயி பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அவருடைய மகன் கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு கடையில் நிற்பது எனக்குத் தெரியும். நான் கொப்பியில் "தோட்ட வேலைக்குப் போகிறவர்: யாருமில்லை" என்று எழுதினேன். நிஷாந்தி தந்த கேள்விகளில் அப்படி ஒன்று இல்லை. விபரம் முழுசாக இருக்கட்டும் என்று நானே கோடு போட்டுச் சேர்த்த பத்தி அது. அவள் கொப்பியில் இருந்ததை அப்படியே ஏற்றினாள்.

2024 மார்ச் 12. துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஏழு வீடுகளுக்கு நோட்டீசு கொண்டுவந்தார். வேலைக்கு ஆள் இல்லாததால் ஒரு மாதத்தில் வீட்டை விட வேண்டும். காளியாயி பெரியம்மாவின் தாளில் "லயம் 6, காம்பரா 4" என்று அடித்திருந்தது. ஆபீசில் அப்படி இலக்கமே கிடையாது. அது நாங்கள் போட்ட இலக்கம்.

அன்று பின்னேரம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் டிவிஷனே கூடியது. தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து முன்னால் நின்றார்.

"படிச்ச புள்ள! காட்டிக் குடுக்கத்தான் படிச்சிருக்கு."

"எல்லாருக்கும் தெரியணும்னுதான் தலைவரே செஞ்சோம்" என்றாள் நிஷாந்தி.

"எல்லாருன்னா? தொரையும் அதுல சேத்தியா, இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்க் காம்பரா மீனம்மா விடவில்லை. "எங்க சட்டியில என்ன கொதிக்குதுன்னும் போட்டியாடி? அதையும் கொழும்புல பாக்கட்டும்!"

காளியாயி பெரியம்மா கத்தவில்லை. "முப்பத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தேன். ஒரு தொரையும் என்னைய வெளிய போன்னு சொன்னதில்ல. நீ ஒரு பொத்தான அமுக்கிச் சொல்லிட்ட."

"அழிச்சிடுறேன் பெரியம்மா."

"அழிச்சு? அவங்கதான் எடுத்து வச்சிட்டாங்களே."



"யாரு அந்தக் கேள்வியப் போட்டது?" என்றார் அழகுமுத்து.

"நான்தான்" என்றாள் நிஷாந்தி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் எங்கள் கதவில் சாணி அடித்திருந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியில் எங்கள் குடத்தை வரிசைக்கு வெளியே தள்ளினார்கள். நிஷாந்தி அந்தப் பத்தியை நீக்கிவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் நான் அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து அவள் மடியில் போட்டேன். இரண்டு முறை படித்தாள். எழுந்து முகம் கழுவினாள்.

நாங்கள் ஆபீசுக்குப் போனபோது அழகுமுத்துவும் பின்னாலேயே வந்தார், வேடிக்கை பார்க்க. நிஷாந்தி இரண்டு தாள்களையும் துரையின் மேசையில் அருகருகே வைத்தாள்.

"எங்க அட்டவணை பொய்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க சார். அப்ப இந்த நோட்டீசு எதப் பாத்து அடிச்சீங்க?"

"ஆபீஸ் ரெக்கார்ட்."

"ஆபீஸ்ல பழைய லயம், பீலிக்கரை லயம்னுதானே இருக்கு? ஆறு, நாலுன்னு போட்டது நாங்க."

துரை கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு சுவரைப் பார்த்தார்.

"அட்டவணை மெய்னா அறுபத்து மூணு வெடிப்பும் மெய்தான், எப்பக் கட்டித் தர்றீங்க? பொய்னா நோட்டீசும் பொய். ரெண்டு தாளையும் நாளைக்குத் தொழில் காரியாலயத்துல குடுக்கப் போறோம்."

"நீங்க போங்க. நான் பாக்கிறது" என்றார் துரை, தன் அரைகுறைத் தமிழில்.

வெள்ளிக்கிழமை கண்டாக்கு ஏழு நோட்டீசையும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். வெடிப்புகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. நோட்டீசைத் திரும்ப எடுக்க வைத்தது தான்தான் என்று அழகுமுத்து கடைவீதியில் சொல்லித் திரிகிறார்.

நிஷாந்தி இப்போது ஒரு விதி வைத்திருக்கிறாள். எந்தக் கேள்வியானாலும் பெரட்டுக்களத்தில் உரக்க வாசித்து, அந்தந்த வீட்டார் சம்மதித்தால்தான் வெளியே போகும். வேண்டாம் என்றால் அந்த வீடு போகாது. முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் திட்டத்தான் வந்தார்கள். காளியாயி பெரியம்மா எழுந்து, "என் வீட்ட எடுத்துரு" என்றார்.

"ஆம்புலன்ஸ் வந்தா வழி தெரியாது பெரியம்மா."

"தெரியாட்டிப் போகுது."

கூட்டம் கலைந்ததும் நான் அவர் பின்னால் ஓடி, அந்தப் பத்தியைச் சேர்த்தது நான்தான் என்று சொன்னேன்.

"அப்ப அன்னைக்கு ஏன் ஊமையா நின்ன? சின்னப் புள்ளைய பேச்சு வாங்க விட்டுட்டு?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. நிஷாந்தியோடும் பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்தபோது நிஷாந்தி பெரியம்மாவின் காம்பராவைக் கைப்பேசியிலேயே நீக்கி முடித்திருந்தாள். "கொப்பியிலயும் அடிச்சிரு அக்கா" என்றாள். அடிகோல் வைத்து நேராக அடித்தேன். வரைபடத்தில் இப்போது இருநூற்றுப் பதின்மூன்று காம்பராக்கள்.