மருமகனின் பூட்டனைத் தேடிய கதை

மகள் எனக்கு ஒரேயொரு நிபந்தனைதான் விதித்தாள்: விசாரிக்கக் கூடாது.

அவள் கட்டப்போகிறவன் டேனிஷ் பெடியன். பெற்றோர் ஸ்கீவ என்ற சிறு நகரத்தில் இருக்கிறார்கள். நெட்டையன், நல்ல பிள்ளை. இடியப்பத்தைக் கையால் பிய்த்துச் சாப்பிடப் பழகியவன். உறைப்புக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் சொதி கேட்பான். எனக்கு அவனில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரியாததுதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு சம்பந்தம் வந்தால், பெடியனைப் பார்க்க முன்னமே நாலு இடத்துக்கு ஃபோன் போய்விடும். ரொறொன்ரோவுக்கு ஒன்று, பாரிசுக்கு ஒன்று, ஊருக்கு இரண்டு. ஆரின் மகன், தாய் வழி எப்படி, தகப்பன் குடிக்கிறவரா, குடும்பத்தில் ஏதும் வில்லங்கம் உண்டா? பொழுதுபடுவதற்குள் மூன்று தலைமுறையின் கதை வந்து சேர்ந்துவிடும். பாதி பொய்யாக இருக்கும், அது வேறு. டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற ஹேர்னிங் நகரில் இந்த ஊழியத்தை மற்றவர்களுக்குச் செய்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மகள் அதையெல்லாம் குசினி வாசலில் நின்று கேட்டு வளர்ந்தவள். அந்தக் கேள்விகளுக்குள் இருக்கிற உண்மையான கேள்வி எது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் நிபந்தனை.

அவள் டேனிஷில் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: "அவனுடைய குடும்பத்தை நீங்கள் துருவத் தொடங்கினால், நாங்கள் இரண்டு பேரும் ரோட்ஹூஸுக்குப் போய்க் கலியாணம் எழுதிவிட்டு உங்களுக்கு ஒரு படம் அனுப்புவோம்." ரோட்ஹூஸ் என்பது நகர மண்டபம். அங்கே பத்து நிமிடத்தில் கலியாணம் முடிந்துவிடும். அவள் சொன்னால் செய்கிற ஆள். எங்களுக்கு ஒரே பிள்ளை.

"சீ, நான் ஏன் விசாரிக்கிறன்?" என்றேன். பொய் சொல்லவில்லை. டேனிஷ்காரரைப் பற்றி ரொறொன்ரோவில் யாருக்குத் தெரியப்போகிறது?

இரண்டு கிழமை நல்ல மனிதனாக இருந்தேன். நான் வேலை செய்வது திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலையில். இடைவேளையில் கூட வேலை செய்யும் ஒரு டேனிஷ் மனிசி, தன் கொப்பாட்டனைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கைபேசியைக் காட்டினாள். நூறு வருடத்துக்கு முந்திய குடிக்கணக்கு ஏடுகளையெல்லாம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்களாம். வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், என்ன தொழில், எங்கே பிறந்தவர்கள் என்று அரசாங்கமே எழுதிய ஏடு. நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அரசாங்கமே விசாரித்து வைத்துவிட்டதை நான் வாசித்தால் அது விசாரிப்பாகுமா? வாசிப்புத்தானே?

சனிக்கிழமை மத்தியானம் மனைவி கோயிலுக்குப் போன நேரம் கணினிக்கு முன்னால் அமர்ந்தேன். என் கையில் இருந்தது கொஞ்சம்தான். தனக்குப் பூட்டனாரின் பெயரைத்தான் வைத்தார்கள் என்றும், அவர் மோர்ஸ் தீவில் பிறந்தவர் என்றும் பெடியன் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தான். அவன் சொன்னது அன்புக்கு. நான் கேட்டு வைத்தது சேமிப்புக்கு.

பெயரை அப்படியே அடித்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்திலே ஒரு குறிப்பு இருந்தது: சரியாகத் தெரியாத இடத்தில் நட்சத்திரக் குறி போடலாம், அந்த இடத்தில் எது இருந்தாலும் இயந்திரம் பொறுக்கி வரும். எனக்கு எதுதான் சரியாகத் தெரியும்? எல்லாப் பெட்டியிலும் நட்சத்திரத்தைப் போட்டு அழுத்தினேன். கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அந்தக் காலத்து டென்மார்க் முழுவதும் என் திரையில் வரிசையில் வந்து நின்றது. குழந்தை குட்டிகளோடு. பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்ததும் நெஞ்சு அடித்தது. நாட்டின் ஏட்டையே உடைத்துவிட்டேனோ? திங்கட்கிழமை கொம்யூன என்கிற நகரசபையிலிருந்து கடிதம் வருமோ? கணினியை அணைத்தேன். போதாதென்று இணையப் பெட்டியின் வயரையும் பிடுங்கினேன். பிறகு அதைச் செருக இடம் தெரியாமல் அரை மணித்தியாலம் போனது.

இரண்டாந்தரம் புத்தியாக நடந்தேன். முதற்பெயரில் முதல் மூன்று எழுத்து, பிறகு நட்சத்திரம். குடும்பப் பெயரிலும் அப்படியே. பிறந்த இடம் மோர்ஸ். இப்போது பதினாலு ஆண்கள் வந்தார்கள். பதினொரு பேர் பண்ணைகளில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் மீன்பிடிகாரர், ஒருவர் தச்சர். கடைசி ஆளின் விலாசம் சிறைச்சாலை, எங்கள் பேச்சில் மறியல். தொழில் எழுதும் இடத்தில் 'கைதி'.

பதினாலு பேரில் ஒரு பயந்த மனிதன் யாரைத் தெரிவு செய்வான்? நான் மற்றப் பதின்மூன்று பேரையும் திரும்பிப் பார்க்கவே இல்லை. வயது ஓரளவு ஒத்து வந்தது. எனக்கு அது போதும். என்ன குற்றம் என்று ஏட்டில் எழுதவில்லை, அதனால் அந்த வேலையையும் நானே பார்த்தேன். சனிக்கிழமை அது பன்றிக் களவாக இருந்தது. செவ்வாய்க்கிழமை வைக்கோற்போருக்கு நெருப்பு வைத்திருந்தார். வியாழக்கிழமை கோடாலி ஒன்று கதைக்குள் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெடியன் வீட்டுக்கு வந்து, எங்கள் வத்தகப்பழத்தை வெட்டித் தரக் கத்தியை எடுத்தான். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

மனைவி பின்னாலேயே வந்தாள். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் தலையிலே கை வைத்தாள்.

"பூட்டன் மறியலுக்குப் போனவர் எண்டு உங்களுக்கு ஏன் வயித்தால போகுது? பெடியன் வத்தகப்பழம்தானே வெட்டுறான்?"

"ரத்தம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை அவையின்ர வீட்டை போறம். வாயை மூடிக்கொண்டு கேக்கைச் சாப்பிட்டிட்டு வாறியள். பிள்ளைக்குத் தெரிஞ்சுதோ, கலியாணத்தைப் படத்திலதான் பாப்பம்."

அந்தக் கடைசி வசனம் கோடாலியை விடக் கூராக இருந்தது. வாயை மூடுவது என்று முடிவெடுத்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

ஞாயிறு, ஸ்கீவ. கோப்பி, கேக், மெழுகுதிரி எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெடியனின் தகப்பன் அதிகம் பேசாத மனிதர். தாய் இளைப்பாறிய ஆசிரியை. இரண்டாவது கோப்பி ஊற்றியதும் அந்த அம்மா எழுந்துபோய் ஒரு நீளமான கடதாசிச் சுருளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். குடும்ப மரம். பல வருடமாகத் தானே தேடி எழுதியதாம். கலியாணப் பரிசாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறாராம். என் கண் நேரே பூட்டனார் இருந்த கிளைக்கு ஓடியது. பெடியனின் பெயர், அதே தீவு. ஆனால் பிறந்த ஆண்டு கைதியினுடையது இல்லை! அந்தக் குடிக்கணக்கு எடுத்த வருடம் அவர் ஒரு பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தாராம். என் பதினாலில் ஏழாவது ஆள். நான் ஏறெடுத்தும் பார்க்காத ஆள்.

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது. "அப்பாடா, அப்போ சிறையில் இருந்தவர் இவரில்லை!" என்று நல்ல தெளிவான டேனிஷில் சொன்னேன்.

மகளின் கரண்டி பாதி வழியில் நின்றது. மனைவி கூரையைப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா மட்டும் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "எந்தச் சிறை?"

தப்ப வழியில்லை. நட்சத்திரம், பதினாலு பேர் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்க முன்னமே அவர் கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டார்.

"காட்டுங்கள். எங்கள் மரத்தில் இவ்வளவு காலம் தேடி ஒரு கைதி கூடக் கிடைக்கவில்லை. எல்லோரும் மாடு, மாடு, மாடு. இந்த வீட்டில் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள், ஒருநாளாவது இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்களா?" தகப்பனும் மகனும் கேக்கைப் பார்த்தார்கள்.

என் தேடலைப் பார்த்துவிட்டு, "பெயரைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறீர்கள்?" என்றார். கைதியின் பிறந்த திகதியையும் பிறந்த ஊரையும் மட்டும் வைத்துக்கொண்டு, பெயருக்கு வெறும் நட்சத்திரம் போட்டு, அதற்கு முந்திய குடிக்கணக்கில் தேடினார். ஒரே ஒரு வீடு வந்தது. தகப்பன், தாய், ஐந்து பிள்ளைகள். மூத்தவன் எங்கள் கைதி. மூன்றாவது ஆள், பெடியனின் பூட்டனார்.

"அண்ணன்!" என்று சம்பந்தியம்மா கை தட்டினார். "நான் நேர்வழியை மட்டும்தானே தேடினேன். எங்களிடம் ஒரு கைதி இருக்கிறார்!"

தகப்பனார் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார்: "எதற்காகப் பிடித்தார்கள்?"

அவருக்கும் அதுதான் முதற்கேள்வி என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். ஆனால் இது என் கற்பனை இல்லை. அரசாங்கம் எழுதிய அண்ணன்.

அப்போதுதான் மகள் கதைத்தாள். அவள் தமிழில் கதைப்பது மெத்தக் கோபம் வந்தால் அல்லது மெத்தச் சந்தோஷம் வந்தால். இது எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்பா. விசாரிச்சனீங்கள் என்ன?"

"ஓம் பிள்ளை."

"சரி. இப்ப உண்மையாவே மறியற்காரர் ஒருத்தர் இருக்கிறார். என்ன செய்யப்போறியள்?"

பகிடி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன்தானே, நேரடி வழி இல்லையே என்று. மேசைக்குக் கீழே மனைவியின் செருப்பு என் காலில் ஏறியது.

மகளுடைய முகத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்துக் கலியாணத்தின் படம் ஒன்று கைபேசிக்கு வருவதையும், நானும் மனைவியும் அதை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதையும் நினைத்தேன். நூறு வருடத்துக்கு முந்திய ஒருவன் மறியலில் என்ன சாப்பிட்டான் என்பதை நான் ஏன் சுமக்க வேண்டும்?

"ஒண்டும் செய்யமாட்டன் பிள்ளை. நீ என்னைக் கூப்பிட்டால் வேட்டியோட வந்து நிப்பன். பயத்தில செய்திட்டன். நீ நல்லா இருக்கோணும் எண்டு நினைச்சால் எனக்கு முதல்ல வாறது பயந்தான். வேற ஒரு முறை எனக்குத் தெரியாது."

"அதை அவையளுக்கும் டேனிஷில சொல்லுங்கோ," என்றாள்.

சொன்னேன். வியர்த்துக்கொண்டு, கோடாலி வரை சொன்னேன். பெடியன் மேசையில் குப்புற விழுந்து சிரித்தான். சம்பந்தியம்மா கைதியின் பெயரைப் பென்சிலால் மரத்தில் எழுதிவிட்டு, பெண் பக்கத்து வெற்றுப் பாதியைத் தட்டிக் காட்டினார். "இதை எப்போது நிரப்பித் தருகிறீர்கள்? ஒருவரையும் ஒளிக்கக் கூடாது."

திரும்பும்போது காரின் பின்சீட்டில் இருந்த மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டினாள். பிறகு சொன்னாள்.

"ஓகஸ்ட் கடைசிச் சனி. கலியாண ஹோல் பாக்கிறது உங்கட வேலை அப்பா."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டேன்: "எத்தினை பேருக்கு?"

"அவையின்ர பக்கம் நாப்பது. எங்கட பக்கம் நீங்கள்தான் சொல்லோணும்."

நான் வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். மனைவி இடையிடையே, "அவையை விட்டிட்டியள்," "அவையைக் கூப்பிட்டால் இவையையும் கூப்பிடோணும்" என்று சேர்த்துக்கொண்டு வந்தாள். ஸ்கீவயைத் தாண்ட முன்னமே முந்நூறு. அதற்கு ஹோல் எங்கே, ஓகஸ்டுக்கு எத்தனை மாதம், சோறா புட்டா, நாற்பது டேனிஷ்காரருக்கும் உறைப்பை எப்படிக் குறைப்பது...

"காரை ஓரத்தில விடுங்கோ," என்றாள் மனைவி. "ரெண்டு கையாலயும் விரல் விட்டு எண்ணுறியள். கார் நான் ஓடுறன்."