நாற்பத்தொரு புள்ளிகளும் ஓர் அசனமும்

1941, அக்டோபர், முதல் சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு ஆலயத்தின் வடபுறத்து அறையில் வாலிபர் சங்கம் கூடியது. வந்தோர்: ஆண்கள் பதினான்கு பேர், பெண்கள் ஒன்பது பேர். தலைமை: குருவானவர். ஆரம்ப ஜெபத்துக்குப் பின் செப்டம்பர் மாதத்து ஒழுக்க அட்டைகள் ஒப்படைக்கப்பட்டன. இருபத்திரண்டு அட்டைகளில் புள்ளி இல்லை. ஓர் அட்டையில் நாற்பத்தொன்று. இம்மாதக் கடைசியில் நடைபெறும் அசனத்தின் பந்தி விசாரிப்பைச் சங்கம் ஏற்குமாறு சபைக் கமிட்டி எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டது. ஆறரை மணிக்கு அப்பொறுப்புக்கு ஒருவர் தெரிவு செய்யப்பட்டார். மழை இல்லை.

சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் இதை எழுதியவன் நான். வயது பத்தொன்பது. கூட்டக் குறிப்பில் ஒரு சொல்லும் மிகையாக இருக்கலாகாது என்பது என் கொள்கை. அதனால், ஐந்துக்கும் ஆறரைக்கும் இடையில் நடந்த மற்ற எதுவும் அந்த ஏட்டில் இல்லை.

தூத்துக்குடியில் அந்நாளில் பெரிய கப்பல்கள் கரையைத் தொடுவதில்லை. அவை எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கும். எங்கள் சபையில் தோணித் தொழிலாளர் இருந்தனர். உப்பளத்துக் குடும்பங்கள் இருந்தன. ஏற்றுமதி அலுவலகங்களின் எழுத்தர்களும் ஆசிரியர்களும் இருந்தனர். எழுத்தர் வீட்டுப் பிள்ளைகளும் தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்ந்தது வாலிபர் சங்கத்தில் மட்டும்தான். எங்களைத் தலைவர்களாக உருவாக்குவது சங்கத்தின் நோக்கம். அதற்காகக் குருவானவர் வகுத்த முறைதான் ஒழுக்க அட்டை.

அட்டையில் ஏழு வரிகள்: பொய், கோபம், புறங்கூறல், சோம்பல், கீழ்ப்படியாமை, ஜெபம் தவறுதல், வேதவாசிப்புத் தவறுதல். அன்றன்று தவறிய வரியில் அவரவரே ஒரு கரும்புள்ளி இட வேண்டும். மாத முடிவில் எவர் அட்டையில் புள்ளி குறைவோ, அவருக்கே அடுத்த மாதப் பொறுப்பு. நேர்மையை வளர்க்கும் கருவியையே பரிசுக்கும் அளவுகோலாக்கியது எவ்வளவு பெரிய பிழை என்பதை, நாசரேத்திலும் சென்னையிலும் கற்றுத் தேர்ந்த அவரும் காணவில்லை, நாங்களும் காணவில்லை. மாதந்தோறும் நாங்கள் பரிசுத்தவான்களாக இருந்தோம். சீட்டுக் குலுக்கித்தான் பொறுப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது.

நாற்பத்தொரு புள்ளி அட்டைக்கு உரியவள் பெண்கள் பள்ளியில் அப்போதுதான் ஆசிரியையாகச் சேர்ந்தவள், பதினெட்டு வயது, சங்கத்துக்கு அது முதல் மாதம். பின்னாளில் அவள் என் மனைவி. அதை இங்கேயே சொல்லிவிடுவது முறை.

நான் எண்ணிக்கையை வாசித்ததும் பாடகர் குழுவின் தலைவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஏலே, நாப்பத்தொண்ணா! மாசத்துக்கு முப்பது நாளுதானல!"

"ஏழு வரி இருக்குல்லா?" என்றாள் அவள், பெண்கள் பெஞ்சிலிருந்து. "கணக்கு வராதவனுக்குப் பாட்டு மட்டும் எப்படி வருது?"

"கோபம் மட்டும் பதினேழாம்லா!"

"இப்ப பதினெட்டு. இந்த மாசத்து அட்டையில வச்சுக்கிடுதேன்."

குருவானவர் கையை உயர்த்தினார். "ஏனம்மா இத்தனை?"

"நடந்தத வச்சேன் ஐயா."

"இம்மாதப் பொறுப்பு அசனம். தெரியுமல்லவா?"

"தெரியும் ஐயா. எனக்கு அதுதான் வேணும்." அவள் எழுந்து நின்றாள். "போன வருசம், இப்ப எங்கிட்ட படிக்குத உப்பளத்துப் பிள்ளையளோட கடைசிப் பந்தியில உக்காந்தேன். சோறும் சாறும் வந்துச்சு. கறி வரல. எலும்புகூட வரல. மொதப் பந்தியில மூணு தடவ கேட்டுக் கேட்டு ஊத்துனாவளாம். ஒரே சபைதான ஐயா?"

அசனம் என்பது சபையார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்து. ஏற்றத்தாழ்வு கிடையாது என்று அதைப் பற்றிப் பிரசங்கம் செய்வோம். நடைமுறையில் முதல் பந்தியில் யார், கடைசிப் பந்தியில் யார் என்பது எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரியும்.

"விதிப்படி உனக்குக் கொடுக்க முடியாதே, அம்மா" என்றார் குருவானவர், வருத்தத்துடன்.

"சரி ஐயா. ஆனா அட்டைய மாத்தி எழுதச் சொல்லாதிய." அவள் உட்கார்ந்தாள்.

என் அட்டை மேசைமேல் வெண்மையாகக் கிடந்தது. செப்டம்பர் கடைசி வியாழனன்று, வேத வகுப்புக்குப் போவதாகத் தகப்பனாரிடம் சொல்லிவிட்டுப் புதிதாக வந்து நின்ற கப்பலைப் பார்க்கக் கடற்கரைக்குப் போயிருந்தேன். "ஐயா, என் அட்டையைத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்டேன். இதை வீரம் என்று எவரும் கருத வேண்டாம். செயலாளன் தவறான பதிவேட்டைக் காக்கலாகாது என்ற குறுகிய ஒழுங்குணர்ச்சியே என்னை எழுப்பியது. பொய் என்ற வரியில் ஒரு புள்ளி வைத்தேன். அந்த மாதத்தில் அது ஒன்று மட்டுமல்ல என்பது நினைவுக்கு வந்தது. தொடர்ந்து வைத்தேன்.

"ஏலே, பென்சில இங்கன தா" என்றான் பாடகன். "ஒனக்கு மட்டுந்தான் மனசாட்சியோ?"

பென்சில் பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. இருமுறை சீவ வேண்டியிருந்தது. பாடகன் கோபத்தின் வரியை ஓரம் முதல் ஓரம் வரை நிரப்பினான். சிலர் தேவைக்கு மிஞ்சியும் வைத்தார்கள் என்பது என் ஐயம்; அந்தப் பொய்க்கு எவரும் புள்ளி வைக்கவில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு. மறுபடி எண்ணிப் பார்த்தபோது, நாற்பத்தொன்றுக்குக் குறைந்த அட்டை அந்த அறையில் ஒன்றுகூட இல்லை.

குருவானவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "விதிப்படியே ஆயிற்று" என்றார். அறை அதிர்ந்தது. பெண்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அது அதுவரை நடவாதது.

அசனத்தன்று அவள் செய்தவை இரண்டு. கறி இறக்கப்பட்டதும் அதைச் சரிபாதியாக இரு அண்டாக்களில் பிரித்து, ஒன்றை மூடிக் கடைசிப் பந்திகளுக்கென்று ஒதுக்கினாள். சமையல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏளா, கறிக்குக் காவல் போட்ட மொத ஆளு நீதாம்மா."

"காவலுக்கு ஆள் தந்திருக்கேன் அண்ணாச்சி" என்று பாடகனைக் காட்டினாள். அவன் அண்டாவுக்கு அருகில் முக்காலி போட்டு அமர்ந்திருந்தான். "வாசன ஆளத் தூக்குது. அட்டைய விட இதுதாம்ல பரிச்சை" என்றான் என்னிடம்.

இரண்டாவது, கோயில் வாசலில் நுழைந்த வரிசையே பந்தி வரிசை என்பது. அவளே வாசலில் நின்று ஒவ்வொருவரையும் அனுப்பினாள். முதல் பந்தியில் தோணிக்காரர்களும் தலைமையாசிரியரும் தோளுரச அமர்ந்தார்கள். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் எல்லோரும் கமிட்டிச் செயலர் என்ன செய்வார் என்றே பார்த்திருந்தார்கள். பஞ்சு ஏற்றுமதி அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அவர். அவர் திரும்பிப் போய்விட்டால் பாதிச் சபை பின்னால் போய்விடும். அதன் பிறகு அவளையோ சங்கத்தையோ எவரும் எதற்கும் அழைக்கப்போவதில்லை.

அவர் மூன்றாம் பந்திக்குத்தான் வந்தார். கோட்டும் தலைப்பாகையும் அணிந்திருந்தார்.

"எனக்கு எங்கம்மா இடம்?"

"அங்கன ஐயா. இல போட்டாச்சு." உப்பளத்துப் பெண்கள் இருவருக்கு இடையில் ஒரு வாழையிலை விரிந்திருந்தது.

அவர் இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பரிமாறியவர்கள் வாளியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். உப்பில் வெடித்த பாதங்களை மடக்கி அமர்ந்திருந்த முதிய பெண் பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

"தள்ளி இரிளா. ஐயா கோட்டு கசங்கிரும்லா."

யாரோ சிரித்தார்கள். பிறகு செயலரே சிரித்துவிட்டார். கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, ஓலைப்பாயில் சம்மணமிட்டார். இருமுறை சாறு கேட்டு வாங்கினார்.

எழுந்து கை கழுவியபின் அவளிடம் வந்தார். "கடைசிப் பந்திக்குக் கறி இருக்கா?"

"மூடுன அண்டா அப்படியே இருக்கு ஐயா."

"நின்னு பாத்துட்டுத்தான் போவேன்."

பார்த்தார். கடைசிப் பந்தியான ஏழாவதுக்கும் முதல் பந்திக்கு விழுந்த அதே அகப்பையில் அதே அளவு விழுந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் இருபத்துமூவரும் உட்கார்ந்தோம். பாடகன் அன்று உண்டதைப் போல் ஒரு மனிதன் உண்டு நான் கண்டதில்லை. அடுத்த மாதமே, வாசல் வரிசைதான் பந்தி வரிசை என்று கமிட்டி தீர்மானம் எழுதிக்கொண்டது. முன்மொழிந்தவர் செயலர். அத்தீர்மானம் இன்றுவரை மாற்றப்படவில்லை.

நாங்கள் ஐம்பதாண்டுகள் கூடி வாழ்ந்தோம். அவள் சென்ற பங்குனியில் காலமானாள்.

செய்யாமல் இருப்பவை:

சபைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே நாள் குறிக்கப்படவில்லை. நான் நேரில் போய்க் கையொப்பம் இட வேண்டும்.

அவளிடம் படித்தவர்கள் எழுதிய கடிதங்கள் பதினொன்றுக்குப் பதில் போடவில்லை.

கல்லறைக் கல்லுக்கு வசனம் தெரிந்தெடுக்கவில்லை.

இவ்வாண்டு அசனத்துக்கு அவளுக்குப் பதிலாக வாசலில் நிற்பவர் யார் என்று இப்போதைய குருவானவர் இருமுறை கேட்டு அனுப்பிவிட்டார். இன்னும் சொல்லவில்லை.