ஒரு கிண்ணம் கோழிக் கஞ்சி

எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டது. அதோடு நின்றிருந்தால் மாரியாத்தா வந்தாள், விளையாடினாள், போனாள் என்று முடிந்திருக்கும். தொடையில் இருந்த கொப்புளத்தை நான் சொறிந்து வைத்ததில் அது பழுத்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்று நாள் வேப்பிலையில் படுக்க வைத்துப் பார்த்த அம்மா, நான் பிதற்ற ஆரம்பித்ததும் அலறியடித்துக்கொண்டு என்னை அப்பாவின் கையில் தூக்கிக் கொடுத்தார். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

தம்பி கைக்குழந்தை என்பதால் அம்மாவால் வார்டுக்கு வர முடியவில்லை. போர்ட்டில் லோரி ஓட்டும் அப்பாதான் வேலை முடிந்து வருவார். வந்ததும் தட்டைப் பார்ப்பார். பிறகு ஜன்னல் ஓரமாக நின்று அம்மாவுக்குப் போன் போடுவார். தினமும் ஒரே வார்த்தைதான்: "இன்னைக்கும் ஒண்ணும் சாப்பிடல."

கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு நான் திரும்பியது ஒரு மத்தியானம். வாசலில் கட்டிய வேப்பிலை காய்ந்து சுருண்டிருந்தது. அம்மா ஆரத்தி எடுத்து என்னை உள்ளே அழைத்துப்போய், மஞ்சள் துணி போர்த்திப் படுக்க வைத்தார். ஆள் பாதியாய் இளைத்திருந்தார். தலை வாரவில்லை. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தாளை வழியனுப்ப முடியும். நானோ ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதனால் அத்தனை நாளும் வீட்டில் தாளிப்பு இல்லை, கவிச்சி இல்லை, மெத்தை இல்லை. உப்பு குறைத்த கஞ்சியும் வெறும் தரையும்தான்.

அதையெல்லாம் பார்த்ததும் நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

ஏனென்றால், இரண்டு நாளைக்கு முன்னால்தான் நான் கோழி சாப்பிட்டிருந்தேன்.

மகளுக்கு வெறும் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொல்லி அப்பா முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். அன்று வந்த மலாய் தாதி புதியவர். "மாக்கான், சாயாங்" என்று, ஏதோ தன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் கொஞ்சி, ஆவி பறக்கும் கிண்ணத்தை நீட்டினார். முதல் கரண்டியிலேயே கோழி என்று தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நான் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன். அப்பா வருவதற்குள் கிண்ணங்களை எடுத்துப் போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டு ஆன்டி என்னைப் பார்க்க வந்தார். அம்மை வீடு என்பதால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். குரல் மட்டும் கூடம் வரைக்கும் வந்தது.

"ஆத்தா இருக்கிற வீட்டுல கவிச்சி பட்டா சும்மா விட மாட்டா லா. சுங்கை பூலோவுல எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, கருவாடுதான் தின்னுச்சு. கண்ணே போச்சு!"

"எங்க வீட்டுல சுத்தமா இருக்கோம்க்கா," என்றார் அம்மா.

நான் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் விட்டத்தைப் பார்த்தேன். பிறகு மாற்றிப் பார்த்தேன். இரண்டு கண்ணும் தெரிந்தன. ஆனால் உடம்பு சுடத் தொடங்கியது.

காய்ச்சல் முப்பத்தெட்டைத் தொட்டால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் தூக்கி வாருங்கள், இந்த முறை தாங்காது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அம்மா காய்ச்சல் பார்க்கும் குச்சியை என் அக்குளில் வைத்தார். முப்பத்தேழு புள்ளி ஐந்து. அரை மணி கழித்து முப்பத்தேழு புள்ளி ஏழு. அப்பா போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, கார் சாவியைக் கையில் வைத்தபடி கதவோரம் உட்கார்ந்தார்.

ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. சாமி மேடையில் அவள் படம். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண்கள் என்னையே பார்த்தன. இன்றும் வெள்ளி தவறாமல் அவள் கோயிலுக்குப் போகிறவள் நான். அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அன்று பயந்ததுபோல் அவளிடம் நான் என்றுமே பயந்ததில்லை.

மறுபடி குச்சியை எடுத்து வந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, நான் கோழிக் கஞ்சி சாப்பிட்டேன்மா. ஆஸ்பத்திரியில."

அம்மா அப்படியே நின்றார். "எப்போ?"

"முந்தாநாளு. ரெண்டு கிண்ணம்."

"ரெண்டு கிண்ணமா?" அம்மாவின் குரல் கீச்சென்றது. "முழுசாவா? வாந்தி எடுக்கலியே?"

"இல்லம்மா. மிச்சம் வைக்கல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நேராகச் சாமி மேடைக்குப் போய், சூடம் ஏற்றி, தரையில் விழுந்தார். வெகு நேரம் எழவில்லை; முதுகு மட்டும் குலுங்கியது. எனக்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். மன்னிப்பு கிடைக்காததால்தான் எழவில்லை என்றும் நினைத்து, போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அப்பா வந்து அந்தப் போர்வையை உருவினார். அதற்கடியில் இன்னொன்று, அதற்கடியில் மஞ்சள் துணி. "பிள்ளைய அவிச்சுடுவீங்க போலிருக்கே," என்று முணுமுணுத்து, சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் குச்சி முப்பத்தேழு என்றது. அப்பா சாவியை ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை, காயத்துக்குப் பிளாஸ்டிக் சுற்றி, வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீரை எனக்கு ஊற்றினார்கள். அதற்கு மூன்றாம் நாள் அப்பா பாசாரிலிருந்து ஒரு கோழி வாங்கி வந்தார். அம்மா கஞ்சி காய்ச்சி, கிண்ணத்தை என் முன்னால் வைத்தார்.

"தின்னும்மா," என்றார்.

இதுதான் தண்டனை என்று எனக்குப் புரிந்தது. ஆத்தா சோதிக்கிறாள். மறுத்தால் அம்மா அடிப்பார், தின்றால் கண் போகும். அழுதுகொண்டே தின்றேன். எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அம்மா என்னை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. நான் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அம்மாவின் தொண்டையும் ஏறி இறங்கியது.

அம்மாவுக்கும் பசிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன்.