பின்னாலிருந்து மூன்றாவது

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஃபோனை எடுத்தவுடன் பிரிவின் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவு கேஸ்ட்ரோஎன்டராலஜி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசும். ஒன்பது வருடம் ஃபைல் அறையில் இருந்துவிட்டு அப்போதுதான் ஃபோன் மேசைக்கு வந்திருந்தேன்.

தமிழ் படிப்பதுபோல எல்லா எழுத்தையும் ஒரே அழுத்தத்தில் சொன்னேன். கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். புது மேனேஜர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, திங்கட்கிழமை முதல் ஃபோனை வேறு பெண் பார்க்கட்டும், நீங்கள் ஃபைல் அறைக்கே போய்விடுங்கள் என்றார். சம்பளம் குறையாதாம்.

அன்றிலிருந்து டாக்டர்கள் பேசும்போதெல்லாம் மேசைக்கு அடியில் விரலால் தட்டி எண்ணினேன். கேஸ், ட்ரோ, என், ட, ரா, ல, ஜி. ஏழு துண்டு. ஐந்தாவதில் குரல் ஏறுகிறது, மற்றவை ஓடிவிடுகின்றன. கார்டியாலஜியில் 'யா', நியூராலஜியில் 'ரா', டெர்மடாலஜியில் 'டா'. முன்னாலிருந்து எண்ணினால் கணக்கு வராது. பின்னாலிருந்து எண்ணினால் எப்போதும் மூன்றாவது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபோனை எடுத்து அப்படியே சொன்னேன். பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள்.

"சேச்சி வீட்ல பாடம் படிச்சிட்டு வர்றாங்க போல."

"ஆமா, படிச்சேன்" என்றேன்.

மேனேஜர் அருகில் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார்.

"எதுக்கு சேச்சி இந்தக் கஷ்டம்? ரெண்டு நாள்தானே. வயித்து டாக்டர்னு சொன்னாப் போதும்."

"வாசல் போர்டுல அப்படி எழுதுங்க சார். நானும் அப்படியே சொல்றேன்."

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

"ஃபைல் ரூமுக்கு நான் போகல. திங்கட்கிழமையும் இங்கதான் இருப்பேன்."

திங்கட்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்தேன். ஃபோன் மேசைக்கென்று வைத்த புதிய பெண் வந்து நின்றாள். சின்னப் பெண், அவள்மேல் எனக்கு என்ன கோபம்? டோக்கன் கொடுக்கும் நாற்காலியைக் காட்டினேன். மேனேஜர் கதவருகே நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். ஃபோன் அடித்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்து, ஏழு துண்டையும் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் கேட்டார். பத்து மணி என்றேன். ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கதவருகே யாரும் இல்லை.