வேன் பாடாத மூன்றாவது வரி

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். இரவல் வாங்கியிருந்த பிரியாணி அண்டாவை என் மனைவியின் அக்கா வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோவிலம்பாக்கம் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துச் சந்துக்குள்ளிருந்து ஒரு பாட்டு கேட்டது. பாட்டு என்றால் யாரும் பாடவில்லை. வண்டி பின்னால் வரும்போது 'டிய்யூ டிய்யூ' என்று கத்துமே, அந்த ரிவர்ஸ் ஹாரன். இரண்டு வரி வாசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இரண்டாவது வரியின் கடைசியில் ஒரு சுரம் வழுக்கி விழுந்தது.

நான் சட்டென்று சந்துப் பக்கம் திரும்பினேன். ஏனென்றால் உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத பாட்டு அதுதான்.

எங்கள் வீடு பம்மலில். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவுக்குத் துண்டுத் தோல் வியாபாரம். தோல் தொழிற்சாலைகளில் மிஞ்சுகிற துண்டுகளை வாங்கி, பர்ஸ், பெல்ட் தைக்கிற பட்டறைகளுக்குக் கொடுப்பார். அதற்காக ஒரு வெள்ளை வேன் வைத்திருந்தார். எங்கள் சந்தோ முட்டுச்சந்து. உள்ளே வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. காலையில் நேராக வெளியே போக வேண்டுமென்றால், சாயங்காலம் ரிவர்ஸில்தான் உள்ளே வந்தாக வேண்டும். எங்களுடையது கடைசி வீடு. வழியில் இருக்கிற ஏழு வீட்டுக்கும் தினமும் அந்தக் கச்சேரி இலவசம்.

ஹாரன் வாங்கப் போன கடையில் அத்தாவுக்கு ஏழெட்டு ட்யூன் போட்டுக் காட்டினார்களாம். அதில் தன் கல்யாண காலத்துப் பாட்டு ஒன்று இருந்ததும், மற்றதைக் கேட்கக்கூட இல்லையாம். சலூனிலும் கல்யாண மண்டபத்திலும் போட்டுப் போட்டுத் தேய்ந்துபோன பழைய சினிமாப் பாட்டு. ஹாரனில் இரண்டு வரிதான் உண்டு. மூன்றாவது வரியை அத்தாவே பாடுவார். வேனை நிறுத்திக் கதவைத் திறந்து, அந்த வரியோடுதான் வீட்டுக்குள் நுழைவார். பாட்டு சந்து முனையில் ஆரம்பித்ததுமே அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். அத்தா கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்காருவதற்கும் டீ கொதித்து இறங்குவதற்கும் சரியாக இருக்கும்.

நான் அப்போது தாம்பரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். எந்நேரமும் காதில் இயர்போன். அத்தா ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுல பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அவருடைய ரசனை மேல் எனக்கு மரியாதை துளிகூட இருந்ததில்லை. அதை நான் மறைத்ததும் இல்லை.

ஒருநாள் நண்பர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து வேன் பாடிக்கொண்டே வந்தது. போதாக்குறைக்கு அத்தா மூன்றாவது வரியை முழுக் குரலில் இழுத்துக்கொண்டு இறங்கினார். மறுநாள் நான் கேன்டீனுக்குள் நுழைந்ததும் நாலு பேரும் எழுந்து, அந்த ட்யூனை வாயால் வாசித்தபடி பின்பக்கமாகவே நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரே வாரத்தில் பாதி காலேஜ் என்னைக் கண்டால் பின்பக்கமாக நடந்தது. மானம் கப்பலேறியது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தா சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு போய், வேனின் பின்விளக்கைக் கழற்றி, ஹாரனுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி அப்படியே தொங்க விட்டேன். விளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வேன் சத்தமில்லாமல் வந்து நின்றது. அம்மா பதறிப்போய் வெளியே ஓடினார். "என்னங்க, பாட்டைக் காணோம்?" அத்தா பின்விளக்கைக் கழற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "எலி கடிச்சிருச்சு. தோலைத் தின்னு வளர்ந்த பம்மல் எலி, ஒயரை மட்டும் விட்டு வைக்குமா?" என்று சிரித்தார். நம்பிவிட்டார் என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அதற்குப் பிறகு அவர் அதைச் சரி பண்ணவே இல்லை. அம்மா கேட்டால், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தட்டிக் கழிப்பார். அவர் வருவது தெரியாததால் அம்மாவின் டீ தினமும் தாமதமானது. அத்தா நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பார். மூன்றாவது வரியும் நின்றுபோனது. முன்னால் இரண்டு வரி இல்லாமல் அவர் எங்கிருந்து தொடங்குவார்? இதெல்லாம் அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை. பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது. திடீரென்று ஒருநாள் அத்தா காலமானார். வேனை ஒரு மெக்கானிக் மூலமாக யாருக்கோ விற்றோம். 'எலி இல்லை அத்தா, நான்தான்' என்று நான் கடைசி வரை சொல்லவில்லை.

கோவிலம்பாக்கத்தில் அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தது ஒரு வெள்ளை வேன். பின்கதவில், எங்கள் சந்து மின்கம்பத்தில் இடித்த பள்ளம் அப்படியே இருந்தது. உள்ளே கல்யாண மேடைக்கான பிளாஸ்டிக் பூ வளைவுகள். நான் என்னையறியாமல் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர். பயந்துபோய் இறங்கினார்.

"இன்னா சார், இட்ச்சிட்டனா?"

"இல்லண்ணா. இது எங்க அத்தாவோட வண்டி. இந்த ஹாரன் வேலை செய்யாதே, எப்படிப் பாடுது?"

"அதுவா! நான் வாங்கசொல்ல ஊமையாத்தான் இருந்துச்சு. பின்லைட்ட கயட்டிப் பாத்தா ஒயரு நல்லாத்தான் கீது. எவனோ புடுங்கி வுட்டுக்கிறான். அப்பால யாரோ பொறுமையா அது முனையில டேப்பு சுத்தி, அதும்மேல பொடிசா ஒரு தோல் வாரு போட்டுக் கட்டி, ஓரமா சொருவி வெச்சிக்கிறாங்க. எட்து மாட்டுனேன், பாடுச்சு. ரெண்டு நிமிசம் வேல சார்."

எங்கள் வீட்டில் உடைந்த குடைக்கம்பி, மூக்குக் கண்ணாடியின் கால், சாவிக்கொத்து எல்லாமே தோல் வாரால் கட்டப்பட்டிருக்கும். அத்தாவுக்கு அது வழக்கம். வேறு யார் ஒயருக்குத் தோல் வார் கட்டப் போகிறார்கள்?

அப்படியென்றால் அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. எலிக்கு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் ஸ்க்ரூ ட்ரைவர் பிடிக்கிற இன்னொரு கை என்னுடையது மட்டும்தான். இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல், எனக்காகத் தன் பாட்டைக் கட்டி ஓரமாகச் செருகி வைத்துவிட்டு, பன்னிரண்டு வருடம் அந்த வேனைப் பேசாமல் ஓட்டியிருக்கிறார். நான் நடுரோட்டில் நின்று அழுதேன்.

அந்த அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வுடு சார். எங்க பசங்களுக்கும் இந்தப் பாட்டு ஆவாது. மாத்துப்பா, பேஜாரா கீதுன்றானுங்க. நான் வுடுவனா?" என்றார்.

"ஸ்க்ரூ ட்ரைவரை ஒளிச்சு வைங்கண்ணா" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். இன்னொரு தடவை பின்னால் எடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பூ வளைவுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அவசரத்தில் இருந்தவர் அவர். ஆனாலும், "இரு சார், சந்துக் கடைசி வரிக்கும் போறேன், நல்லா கேளு" என்று ஏறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினார்.

நான் அம்மாவுக்குப் போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல் வேன் பக்கம் நீட்டிப் பிடித்தேன். நாலைந்து சுற்று பாடிவிட்டு வேன் சந்தின் கடைசியில் போய் நின்றது. போனைக் காதில் வைத்தேன். அம்மாவின் குரலைக் காணோம். டக், டக் என்று காஸ் லைட்டர் சத்தம் கேட்டது. பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் அம்மா திடுக்கிட்ட மாதிரி, "ஏண்டா, எங்கேருந்து பேசறே? நான் பாரு, டீ வெச்சுட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து, ஆறிப்போயிருந்த அந்த டீயைச் சூடு பண்ணிக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா தன் தம்ளரைக் கீழே வைத்தார். "வேனுக்குள்ள எலி மருந்து வைக்கலாம்னு அப்பவே சொன்னேன்டா. வேணாம்னுட்டாரு. பாவம், சின்ன எலி, போகட்டும் விடுன்னாரு" என்றார்.

இப்போது என் மகள் ஏழாவது படிக்கிறாள். நான் கேட்கிற பாட்டு எதுவும் அவளுக்கு ஆகாது. அவள் கேட்பதில் பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று எனக்கும் தெரிவதில்லை. சமையலறையில் நான் அந்த மூன்றாவது வரியை முணுமுணுத்தால், "ஐயோ அத்தா, ப்ளீஸ்" என்று காதைப் பொத்திக்கொள்வாள். நானும் நிறுத்திவிடுவேன். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் அத்தா அந்த நாற்காலியில் டீக்காகக் காத்துக்கொண்டிருந்த எத்தனையோ சாயங்காலங்களில், ஒரே ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அந்த மூணாவது வரியைப் பாடுங்க அத்தா" என்று கேட்காமல் விட்டோமே என்கிற ஏக்கம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.